பூனைக்குக் கால் முறிந்தால்: அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் நாய், பூனைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர். மொட்டைமாடியிலிருந்து விழுந்தது, பைக் இடித்தது, தெருநாய் கவ்வியது, இரும்பு கேட்டில் கால் மாட்டியது, காரின் எஞ்சினுக்குள் தூங்கியது தெரியாமல் வண்டியைக் கிளப்பியது என்று பல விதமாகப் பூனைகள் கால் முறிந்து வருகின்றன. தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. அந்தப் பதற்றத்தில் நான் சொல்வது பாதிதான் காதில் ஏறும் என்பதால், நிதானமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முறிவா, சுளுக்கா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது. காலைத் தரையில் வைக்கவே இல்லை, தொங்கவிட்டுக்கொண்டு வருகிறது, மூட்டே இல்லாத இடத்தில் வளைகிறது, ஒரு பக்கத் தொடை மட்டும் புடைத்திருக்கிறது என்றால் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூனை வலியில் ஊரைக் கூட்டாது. கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போய்ப் பதுங்கும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, அவ்வளவுதான். "ரெண்டு நாளா சும்மா படுத்தே இருந்துச்சு டாக்டர்" என்று சொல்லிக் கொண்டுவந்த பூனையின் தொடை எலும்பு மூன்று துண்டாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். காலை அழுத்தியும் முறுக்கியும் சோதிக்க வேண்டாம். இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தால்தான் விஷயம் தெரியும்.

இரவு பதினோரு மணி. இப்போதுதான் விழுந்தது. என்ன செய்வது?

முதலில் காலைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். அமைதியாக இருக்கும் பூனை நிமிடத்துக்கு 20 முதல் 30 தடவை மூச்சு விடும். அது 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவில் திறந்திருக்கும் கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

தூக்குவதற்கு ஒரு பெரிய துண்டு போதும். பூனையின் மேல் போர்த்தி, துண்டோடு சேர்த்து அள்ளி, மேல்பக்கம் திறக்கும் கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வையுங்கள். ஸ்கேல், குச்சி வைத்துக் கட்டுப் போட முயல வேண்டாம். வீட்டில் போடும் கட்டு பெரும்பாலும் முறிந்த இடத்திலேயே போய் நிற்கும், வலியைத்தான் கூட்டும். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான ஈரத் துணியால் மூடுங்கள். மஞ்சள், காபித்தூள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். அந்தக் காபித்தூளை ஆபரேஷன் மேஜையில் எலும்பிலிருந்து கழுவி எடுக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆன நாள் உண்டு.

உங்கள் மடியிலேயே வளர்ந்த பூனையானாலும் வலியில் கடிக்கும். கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உங்களுக்கான ஊசிக்கு மனித மருத்துவரிடம் போங்கள். பூனைக்கடி பார்க்கச் சின்னப் புள்ளியாக இருக்கும், உள்ளே சீழ் வைக்கும். ரேபிஸ் பயம் வேறு.

வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டோலோ, கால்பால், குரோசின் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நம் கல்லீரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் ஒரு வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். விளைவாக ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு சாக்லேட் நிறமாகும், முகம் வீங்கும். நாலு கிலோப் பூனைக்கு அரை மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரினும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திட்டுவார்களே என்று மறைக்காமல் எப்போது, எவ்வளவு என்று சொல்லுங்கள். பாராசிட்டமால் விஷத்தை முறிக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

கால்தான் உடைந்திருக்கிறது. நெஞ்சுக்கு எதற்கு எக்ஸ்ரே? ஆபரேஷனை ஏன் நாளைக்குத் தள்ளுகிறீர்கள்?

காசு பிடுங்கவா என்று சிலர் நேராகவே கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான சந்தேகம்தான்.

எலும்பை முறிக்கும் அளவுக்கு அடித்த அடி எலும்போடு நின்றுவிடாது. நுரையீரல் கன்றியிருக்கலாம், நெஞ்சறைக்குள் காற்று கசிந்திருக்கலாம், உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம், மூத்திரப்பை வெடித்திருக்கலாம். இவற்றில் எதையும் வெளியே பார்த்துச் சொல்லிவிட முடியாது. கவனிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் பூனை மேஜையிலேயே போய்விடும். முறிந்த கால் ஒன்றிரண்டு நாள் காத்திருக்கும். அதற்குள் வலியைக் குறைத்து, சலைன் ஏற்றி, சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொள்வோம். தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த முறிவில் மட்டும் அவசரம் கூடுதல்; ஆன்டிபயாட்டிக்கும் காயத்தைக் கழுவுவதும் முதல் சில மணி நேரத்தில் நடக்க வேண்டும்.

அதற்காக, ஊரிலிருந்து அப்பா வரட்டும், அமாவாசை கழியட்டும் என்று பத்து நாள் தள்ளவும் கூடாது. அதற்குள் தசைகள் சுருங்கி, எலும்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாகவே ஒட்ட ஆரம்பித்துவிடும். அப்புறம் அவற்றைப் பிரித்துச் சேர்ப்பது எனக்கும் கஷ்டம், பூனைக்கும் கஷ்டம்.

பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றித்தானே விழும்?

விழும். காலூன்றி விழுவதால்தான் கால் முறிகிறது.

1987-ல் நியூயார்க்கின் இரண்டு கால்நடை மருத்துவர்கள், மாடியிலிருந்து விழுந்து தங்கள் மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவாக இருந்தது போலவும் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு "உயரம் கூடினால் ஆபத்து குறைவு" என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அது கணக்கிலும் வராது. ஓ.எம்.ஆர். பக்கம் பதினான்காம் மாடியில் இருக்கும் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லி எனக்கே ஆறுதல் கூறினார். நான் பால்கனிக்கு வலை அடிக்கச் சொன்னேன்.

மாவுக்கட்டு போதாதா? புத்தூர் கட்டுப் போட்டால்?

ஆந்திரத்துப் புத்தூரிலிருந்து வந்த இந்தக் கட்டுக்குச் சென்னையில் மூலைக்கு மூலை போர்டு உண்டு. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை. எனக்கு அதன்மேல் கோபமில்லை. என் சித்தப்பாவே மணிக்கட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தவர்தான். பூனைத் தொடையில் சிக்கல் வேறு.

எந்தக் கட்டும் வேலை செய்ய வேண்டுமானால், முறிவுக்கு மேலே ஒரு மூட்டையும் கீழே ஒரு மூட்டையும் அசையாமல் பிடிக்க வேண்டும். பூனையிடம் மிக அதிகமாக முறிவது தொடை எலும்பு. அதற்கு மேலே இருப்பது இடுப்பு மூட்டு. இடுப்பை எங்கே கட்டுவது? தொடைப் பாதியில் முடியும் மாவுக்கட்டு முறிந்த இடத்துக்குக் கீழே ஊசலாடும் எடையாகத் தொங்கி, துண்டுகளை இன்னும் விலக்கும். முன்னங்காலின் மேல் எலும்புக்கும் இதே கதைதான், அங்கே தோள் மூட்டு.

முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே சில முறிவுகளுக்குக் கட்டு சரிவரும்: இரட்டை எலும்பில் ஒன்று மட்டும் உடைந்து மற்றது தாங்கிக்கொண்டிருந்தால், பாதத்தின் நான்கு எலும்புகளில் ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால், அல்லது சீக்கிரம் கூடும் குட்டியாக இருந்தால். அப்போதும் வாரம் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் கட்டுக்குள் தோல் ஊறிப் புண்ணாவது சாதாரணம். விரல்கள் வீங்கி ஒன்றுக்கொன்று விலகி நின்றால், கட்டு இறுகிவிட்டது என்று பொருள், அன்றே வாருங்கள்.

சும்மா விட்டால் தானாகக் கூடிவிடாதா?

சில முறிவுகள் கூடும். இடுப்பெலும்பு உடைந்து, எடை தாங்கும் பகுதி விலகாமல், மலம் போகும் வழி குறுகாமல் இருந்தால் நான்கைந்து வாரம் கூண்டில் வைத்தாலே போதும், கத்தி வேண்டாம். நீண்ட எலும்புகள் விலகியிருந்தால், தானாகக் கூடியது என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் குட்டையாகவும் கோணலாகவும் கூடிய காலைத்தான். கெண்டைக்கால் எலும்பும் முழங்கைக் குமிழ்ப் பகுதியும் பூனையிடம் கூடாமலே நின்றுவிடும் பழக்கம் உள்ளவை. அவற்றை அதிர்ஷ்டத்தை நம்பி விட மாட்டேன்.

ராடு, பிளேட், வெளிக்கம்பி என்று மூன்று சொல்கிறார்கள். எது நல்லது?

"காஸ்ட்லியானதைப் போடுங்க டாக்டர்" என்பவர்களும் உண்டு, "சிம்பிளா முடிங்க" என்பவர்களும் உண்டு. முறிவு எப்படி இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும்.

எலும்பைச் சேர்த்துப் பிடிப்பதற்கு எதிராக நான்கு வேலைகள் நடக்கின்றன: வளைப்பு, முறுக்கு, மேலிருந்து அழுத்தம், தசை இழுப்பு. எலும்பின் நடுக்குழாய்க்குள் செலுத்தும் ராடு வளைப்பை அருமையாகத் தடுக்கும். பூனையின் தொடை எலும்பு நாயினுடையதைவிட நேரானது, அதனால் ராடு அழகாக உட்காரும், செலவும் குறைவு. ஆனால் முறுக்கைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை. தடியைக் குழாய்க்குள் விட்டுக் குழாயைத் திருப்பிப் பாருங்கள், தடி சும்மா இருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் குறுக்காக வெட்டினாற்போல் முறிந்த ஒரு தொடைக்கு ராடு மட்டும் போட்டு அனுப்பினேன். மூன்றாம் வாரம் பூனை பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தது, ராடும் இடுப்புப் பக்கம் மேலே தள்ளிக்கொண்டு நின்றது. மறுபடி திறந்து பிளேட் போட்டேன், என் செலவில். அதிலிருந்து ராடு மட்டும் என்பது என்னிடம் அபூர்வம். முறிவு நீளச் சாய்வாக இருந்தால் ராடோடு மெல்லிய கம்பியைச் சுற்றி இறுக்குவேன். இல்லையென்றால் கூட வேறொன்றும் வேண்டும்.

பிளேட் என்பது எலும்பின் மேல் படுத்து ஸ்குரூவால் பிடிக்கும் உலோகப் பட்டை. நான்கு வேலைகளையும் ஓரளவு தடுக்கும், பூனையும் சீக்கிரமே காலை ஊன்றும். எலும்பு நொறுங்கியிருந்தால் உள்ளே ஒரு மெல்லிய ராடு, வெளியே ஒரு பிளேட் என்று இரண்டையும் சேர்த்துப் போடுவோம். நொறுங்கிய ஒவ்வொரு சில்லையும் பொறுக்கிச் சேர்க்கும் ஆசை இளம் மருத்துவர்களுக்கு வரும். சேர்க்கச் சேர்க்க அவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்துபோகும். நீளத்தையும் நேரையும் சரி செய்துவிட்டு நடுவில் உள்ள சில்லுகளைத் தொடாமல் விடுவதே பல நேரம் புத்திசாலித்தனம்.

வெளிக்கம்பி என்று நாம் சொல்வது எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டர். தோலின் வழியே எலும்புக்குள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, வெளியே ஒரு தண்டோடு சேர்த்துப் பூட்டுவது. குழாய் ஒழுகலை அடைக்கும் எபாக்சி மாவைப் போன்ற ஒன்றால் பூட்டுவதும் உண்டு, எடை குறைவு. கெண்டைக்காலுக்கும், நாய் கடித்துச் சீழ் பிடித்த முறிவுக்கும் இது என் முதல் தேர்வு, ஏனென்றால் அழுக்கான இடத்தில் பிளேட்டைப் புதைக்க வேண்டியதில்லை. பார்க்கப் பயமாக இருக்கும். பூனை இரண்டே நாளில் பழகிவிடும், வீட்டில் பாட்டிதான் பழக ஒரு வாரம் ஆகும்.

இது மனிதர்களுக்குப் போடும் அதே கம்பிதானா?

உலோகம் அதே வகை: 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் அல்லது டைட்டானியம். அளவு வேறு. பூனைத் தொடை எலும்பு உங்கள் சுண்டுவிரலைவிட மெல்லியது. 2 மி.மீ., 2.4 மி.மீ. ஸ்குரூக்கள்தான் பெரும்பாலும். அதைவிடத் தடியானதைப் போட்டால் ஓட்டையே எலும்பை உடைத்துவிடும்.

எங்களுடையது நாலு மாதக் குட்டி. வளர்ச்சி பாதிக்குமா?

குட்டிகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கும். எலும்பைவிட மென்மையானது, அதனால் அடி பட்டால் அங்கேதான் பிளக்கும். முழங்காலுக்குச் சற்று மேலே பிளப்பது மிகச் சாதாரணம். வழுவழுப்பான மெல்லிய கம்பிகள் இரண்டைக் குறுக்கே செலுத்திச் சரிசெய்வோம்; ஸ்குரூவால் இறுக்கினால் வளர்ச்சி நின்றுவிடும். பூனைக்குக் கால் சற்றுக் குட்டையானாலும் முட்டியை விரித்துச் சமாளித்துக்கொள்ளும்.

குட்டிகளில் என் கவலை வேறு. தொடையின் முன்தசை எலும்போடு ஒட்டிக்கொண்டு, முழங்கால் மடங்காமல் குச்சி மாதிரி நின்றுவிடும். வந்துவிட்டால் திருப்புவது கடினம். அதனால்தான் சில நாட்களிலேயே முட்டியை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லித்தருகிறோம். குட்டி கத்துகிறதே என்று பாவப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

விழவே இல்லை, அடியும் படவில்லை. எப்படி முறிந்தது?

இந்தக் கேள்வியை வைத்து வீட்டில் வேலைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று சாப்பாடு. "எலும்பில்லாத சிக்கன் மட்டும்தான் டாக்டர், வேறெதுவும் தொடாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். மூன்று நான்கு மாதத்தில் குட்டியின் எலும்பு எக்ஸ்ரேயில் கோடு போட்ட நிழலாகத் தெரியும், சோபாவிலிருந்து குதித்தாலே பச்சைக் குச்சி போல மடங்கும். இதற்கு ஆபரேஷன் தவறு. அந்த எலும்பில் ஸ்குரூ போடுவது ஊறிய ரொட்டியில் ஆணி அடிப்பது போல. கூண்டு, குட்டிகளுக்கான முழுமையான உணவு, சில வாரப் பொறுமை, இவைதான் மருந்து. கால்சியம் மாத்திரையை நீங்களாக அள்ளிக் கொடுப்பதும் வேண்டாம். பால்சோறும் தயிர்சாதமும் மட்டும் தின்னும் பூனைக்கு வேறு குறைகள் வரும், அதுவும் ஏற்ற உணவில்லை.

இரண்டாவது, இரண்டு வயதுக்குள் இருக்கும் குண்டான, கருத்தடை செய்த ஆண் பூனைகள். அவற்றின் வளர்ச்சித் தட்டு தாமதமாக மூடும். எடை கூடும்போது தொடை எலும்பின் பந்து போன்ற தலை மெல்லச் சரிந்துவிடும். சில நாளாக லேசாக நொண்டி, ஒருநாள் தாவ மறுக்கும். பந்துத் தலையை எடுத்துவிடுவோம். அங்கே தசையும் நாரும் சேர்ந்து பொய் மூட்டு உருவாகி, பூனை நன்றாகவே நடக்கும்.

மயக்க மருந்துதான் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆனால் அந்தப் பயத்தால் ஆபரேஷனையே தவிர்ப்பது சரியில்லை. முன்கூட்டியே ரத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்ப்போம். பெர்ஷியன் பூனை என்றால், இதயச் சதை தடிக்கும் நோய் அவற்றில் அதிகம் என்பதால், இதய எக்கோவும் எடுக்கச் சொல்வேன். சென்னையில் தெருவுக்கொரு பெர்ஷியன் வந்துவிட்டது, எக்கோ எடுத்த பெர்ஷியன் குறைவு. மூச்சுக்குழாயில் டியூப் வைத்து ஐசோஃப்ளூரேன் வாயு கொடுப்பார்களா, கூட ஒருவர் கண்காணிப்பாரா, காலை மரத்துப்போகச் செய்யும் ஊசி உண்டா, இந்த மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படும் இடமானால் வேறிடம் பார்க்கலாம்.

பட்டினி எத்தனை மணி நேரம் என்று உங்கள் மருத்துவர் சொல்வார். வளர்ந்த பூனைக்குச் சுமார் ஆறு மணி நேரம், சின்னக் குட்டிக்கு அதைவிட மிகக் குறைவு. முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி போட வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

எக்ஸ்ரே பார்க்காமல் தொகை சொல்ல மாட்டேன். பிளேட்டா கம்பியா, ஒரு காலா இரண்டா, எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதைப் பொறுத்துத் தொகை பல மடங்கு மாறும். மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அதில் பின்னால் எடுக்கும் எக்ஸ்ரேக்களும், வெளிக்கம்பியைக் கழற்றும் செலவும் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை வருவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

கையில் காசு குறைவென்றால் வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. 1989-லிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, எலும்பு அறுவை சிகிச்சையில் கை தேர்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், சுற்றிலும் நாய்கள் குரைக்கும். கூடையின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, காலையிலேயே போய்விடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இனி என்ன?

இனி உங்கள் முறை. மேஜையில் என் வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரம். உங்களுடையது ஆறிலிருந்து எட்டு வாரம். நான் பார்த்த தோல்விகளில் பாதி, மூன்றாம் வாரத்தில் "நல்லாத்தான் நடக்குதே" என்று கூண்டைத் திறந்துவிட்டதால் வந்தவை. வலி போய்விடும், எலும்பு இன்னும் கூடியிருக்காது. அந்த இடைவெளியில்தான் பூனை பீரோ மேல் தாவும்.

ஏறக்குறைய மூன்றடிக்கு இரண்டடிக் கூண்டு போதும்: புரண்டு படுக்க, இரண்டடி நடக்க, மண் தட்டு வைக்க. உயரம் வேண்டாம், உள்ளே பலகையும் வேண்டாம். மண் தட்டின் ஓரம் தாழ்வாக இருக்கட்டும். தையல் பிரிக்கும்வரை மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், காயத்தில் ஒட்டாது. வெளிக்கம்பி போட்ட பூனை என்றால் கூண்டின் உட்பக்கம் அட்டை வைத்து மறையுங்கள். கம்பி வலையில் மாட்டிக்கொண்டு பூனை இழுத்தால் பார்க்கச் சகிக்காது. கம்பி நுழையும் இடங்களைச் சலைனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

கோடையில் கூண்டு ஜன்னல் வெயிலில் இருக்கக் கூடாது. மின்விசிறி நேராக மேலே அடிக்காமல் பக்கத்தில் ஓடட்டும். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் போட்ட கோனைப் பார்த்து வீடே பாவப்படும், மாமா ஒருவர் கழற்றிவிடுவார், பத்து நிமிடத்தில் தையல் போய்விடும். சாப்பிடும்போது நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் மட்டும் கழற்றலாம்.

முதல் வாரம் ராத்திரியெல்லாம் கத்தும். வேலை கூண்டுக்குள்ளேயே கொடுங்கள்: உணவை ஒரே தட்டில் வைக்காமல் காகித உருண்டைகளில் ஒளித்து வையுங்கள், கூண்டை எல்லோரும் புழங்கும் ஹாலில் வையுங்கள். அடக்கவே முடியவில்லை என்றால் அமைதிப்படுத்தும் மருந்து உண்டு, கேளுங்கள். ஓட்டமில்லாததால் எடை ஏறும், உணவளவைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடவில்லை என்றால் போன் செய்யுங்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எப்போது உடனே திரும்ப வரவேண்டும்?

ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டால். காயத்தில் நாற்றமோ சீழோ வந்தால். பாதம் குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால். இடுப்புப் பக்கம் தோலுக்கடியில் கம்பி முனை குத்திக்கொண்டு தெரிந்தால். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டால். இவற்றில் எதற்கும் ஞாயிற்றுக்கிழமை என்று தயங்க வேண்டாம்.

எலும்பு கூடிவிட்டது என்று யார் சொல்வது?

எக்ஸ்ரே சொல்லும், பூனை சொல்லாது. குட்டிக்கு மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும். வளர்ந்த பூனைக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம், கெண்டைக்காலின் கீழ்ப்பகுதிக்கு இன்னும் கூட ஆகலாம்.

உள்ளே வைத்த கம்பியை எடுக்க வேண்டுமா?

பிளேட் தொந்தரவு தராதவரை அப்படியே ஆயுளுக்கும் இருக்கலாம். ராடு நகர்ந்தால் எடுப்போம், சின்ன வேலை. வெளிக்கம்பியைக் கட்டாயம் கழற்ற வேண்டும்.

காலையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

ஏன் என்று கேளுங்கள். நரம்பு அறுந்து விரலைக் கடுமையாகக் கிள்ளினாலும் உணர்வில்லை, தசையும் தோலும் பெருமளவு அழுகிவிட்டது, எலும்புத் தொற்று அடங்கவே இல்லை என்றால் அந்த யோசனை சரிதான். விரலைக் கிள்ளும்போது காலை இழுத்துக்கொண்டால் மட்டும் போதாது, பூனை திரும்பிப் பார்த்துச் சீற வேண்டும். உணர்வு மூளைவரை போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பணம் மட்டுமே காரணம் என்றால் அதையும் வெளிப்படையாகப் பேசுங்கள், வேப்பேரி வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று காலோடு பூனை வாழ்வதைப் பார்த்து மனிதர்கள்தான் அழுவார்கள். இரண்டு வாரத்தில் அது நடையை மாற்றிக்கொண்டு, மாடிப்படி ஏறி, பல்லியும் பிடிக்கும். எடை மட்டும் கூடக் கூடாது.

தெருவில் அடிபட்டுக் கிடந்த பூனை. நான் வளர்க்கவில்லை. என்ன செய்யலாம்?

கிண்டியில் உள்ள புளூ கிராஸ் போன்ற அமைப்புகளுக்குத் தகவல் சொல்லலாம், நீங்களே வேப்பேரிக்கும் கொண்டுபோகலாம். துண்டு போட்டு அள்ளும் முறை மேலே சொன்னதுதான், வெறுங்கை மட்டும் வேண்டாம். ஆறு வாரம் கூண்டில் வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால், வெளிக்கம்பியைப் போட்டுத் தெருவில் விட முடியாது. சில முறிவுகளில் காலை எடுத்துவிடுவது அந்தப் பூனைக்கு இரக்கமான வழியாகவும் இருக்கும். இதைச் சொன்னால் என்னைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

திரும்ப விழாமல் தடுக்க?

புறாவுக்காக பால்கனியில் அடிக்கும் நைலான் வலை பூனைக்குப் போதாது. வெயிலில் ஓரிரு வருடத்தில் இற்றுப்போகும், பூனை பல்லால் கத்தரிக்கவும் செய்யும். மெல்லிய ஸ்டீல் வலை நல்லது. பால்கனியை மூடிவிட்டுக் குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை மறந்துவிடுவார்கள், ஒரு பட்டை கழன்ற இடைவெளி பூனைக்குத் தாராளம். மழைக்காலத்தில் காரைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

பழையபடி குதிக்குமா?

மூட்டுக்குள் போகாத முறிவு, நேராகக் கூடியது என்றால் பெரும்பாலும் குதிக்கும். போன மாதம் பத்தாவது வார எக்ஸ்ரேக்கு வந்த ஒரு சாம்பல் பூனை, படத்தை நாங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தபோதே மேஜையிலிருந்து மருந்து அலமாரி உச்சிக்குத் தாவிவிட்டது. இறக்குவதற்கு நானும் கம்பவுண்டரும் ஸ்டூல் தேடினோம்.